தோண்டி எடுத்த ஆலிவ் மரத்துல போன்சாய்: கேளுங்க, தெரிஞ்சத சொல்றேன்

ஆலிவ் பத்தி மட்டும் கேளுங்கப்பா. பூச்சட்டி எந்த கலர் வாங்கலாம்ங்கறதெல்லாம் இன்னொரு நாள்.

புதுக்கை: அக்கா, ஒரு பழைய ஆலிவோட அடிமரம் கெடச்சிருக்கு. தொடை தண்டி இருக்கும், மேல ஒரு இலை கூட இல்ல, கீழ வேர்னு சொல்ல பெருசா ஒண்ணும் இல்ல, வெறும் முண்டுதான். பொழைக்குமா?

பொழைக்கறதுக்கு நல்ல சான்ஸ் இருக்கு. வேற மரமா இருந்தா அடுப்புக்குத்தான் போகணும்னு சொல்லிருப்பேன். ஆலிவோட அடியில வீங்கினாப்ல இருக்கே அந்த முண்டு, அதுலதான் தூங்கற மொட்டெல்லாம் இருக்கு, சாப்பாடும் அங்கயும் தண்டுலயும் சேத்து வெச்சிருக்கும், அதனால மெல்லிசு வேர் ஒண்ணு ரெண்டு இருந்தாலே, சில சமயம் அது கூட இல்லாமலே, திரும்ப துளிர்க்கும்.

மொதல்ல அடியை ரம்பத்தால தட்டையா அறுத்துடுங்க. இப்ப பாவம் பாத்து விட்டுட்டா நாலு வருஷம் கழிச்சு ஆழமில்லாத போன்சாய் தொட்டியில உக்காராது, அப்ப மறுபடி அறுக்கணும், மரத்துக்கு ரெண்டு தடவை வலி. பிய்ஞ்சு போய் நார் நாரா தொங்கற வேரை கூர்மையான கத்தியால சுத்தமா வெட்டுங்க, மெல்லிசு வேர மட்டும் விட்டுடுங்க. மேல இருக்கற பெரிய வெட்டுக்கெல்லாம் கட் பேஸ்ட், அதான் வெட்டுக்காயத்தை மூடற பசை, தடவுங்க. மண்ணுக்கு பதிலா ப்யூமிஸ் (ஓட்டை ஓட்டையா இருக்கற எரிமலைக் கல்), இல்லன்னா பெரிய மணியா இருக்கற பெர்லைட் (சூட்டுல பொரிய வெச்ச வெள்ளைக் கல்), தூசியை சலிச்சுட்டு போடுங்க. நடற பெட்டி மரத்தை விட கொஞ்சம்தான் பெருசா இருக்கணும், ரொம்ப பெருசா இருந்தா ஈரம் காயவே காயாது. அப்பறம் கம்பி போட்டு மரத்தை பெட்டியோட ஆடாம கட்டுங்க. இத பாதி பேர் செய்யறதில்ல. புது வேர் நூல் மாதிரி இருக்கும், மரம் லேசா ஆடினாலே அறுந்துடும். கட்டினப்பறம் தொடவே தொடாதீங்க, ஆட்டி பாக்காதீங்க, உயிர் இருக்கான்னு பட்டையை சுரண்டி பாக்காதீங்க. மேல பிளாஸ்டிக் கவர் மூடி, வெதுவெதுன்னு இருக்கற எடத்துல நேர் வெயில் படாம வைங்க. ஆலிவ் சூடு இருந்தாத்தான் வேர் விடும், அதனால குளிர் போய் மண்ணு சூடாகற சமயம்தான் இதுக்கு நல்லது.

மண்புழு: எனக்கு ஆறு வாரத்துல சூப்பரா துளிர் வந்துடுச்சு! உரம் போட ஆரம்பிக்கலாமா?

வேண்டாம். இந்த மொத துளிர் இருக்கே, அது பொய். தண்டுல சேத்து வெச்சதை செலவு பண்ணி வர்றது, வேருக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லாம இருக்கலாம். சேமிப்பு தீர்ந்த அன்னிக்கு வேர் இல்லன்னா, பச்சையா இருந்த துளிரெல்லாம் ஒரே வாரத்துல தொங்கிடும். நானே அப்படி ஒண்ண கொன்னிருக்கேன், துளிரைப் பாத்து சந்தோஷத்துல கவரை ஒரே நாள்ல கழட்டி வெயில்ல வெச்சேன். கவர்ல சின்ன ஓட்டை போட்டு, கொஞ்சம் கொஞ்சமா பெருசாக்கி, வாரக்கணக்குல பழக்குங்க. துளிர் நிக்காம நீண்டுட்டே போய் துளிரோட அடி மரக்கட்டையா மாறினா வேர் புடிச்சிருக்குன்னு நம்பலாம், உரம் அப்பதான்.

இலைச்சருகு: என் மரத்துக்கு எத்தனை வயசு இருக்கும்? வித்தவர் 300ன்னார்.

வித்தவர் சொல்வார். பழைய ஆலிவோட நடு மரம் மக்கி உள்ள பொந்தாயிடும், எண்ணறதுக்கு வளையமே இருக்காது.

ஜன்னலோரம்: வீட்டுக்குள்ள வெச்சு வளர்க்கலாமா?

முடியாது. முழு வெயில் வேணும். கடும் குளிர் அடிக்கற ஊர்னா உறையற ராத்திரி மட்டும் ஒதுக்குப்புறமா வைங்க, நிலத்துல இருக்கற வேர் தாங்கற குளிரை தொட்டியில இருக்கற வேர் தாங்காது.

பழையகை: மேடம், அடியை அறுக்கச் சொன்னீங்க சரி, அப்படின்னா பழைய மண்ணு மொத்தமும் போயிடுமே? தாய் மண்ணோட எடுக்கணும்னுதான் நான் கத்துக்கிட்டேன், அதுல நல்ல பூஞ்சையெல்லாம் இருக்கு. உங்க பேச்சைக் கேட்டு ஒருத்தர் பைன் மரத்து வேர்ல இருக்கற மண்ணை கழுவி சாகடிக்கப் போறார்.

பைனுக்கு நீங்க சொல்றது சரி, அதுல நான் சண்டைக்கு வரல. பைன் வேரை ஒரேடியா கழுவினா போச்சு. ஆனா தலைப்புலயே ஆலிவ்னு போட்டிருக்கு.

பழையகை: ஆலிவும் மரம்தானே. நான் மண்ணோட எடுத்த ரெண்டும் உயிரோடதான் இருக்கு.

இருக்கும். ஆலிவ் அவ்ளோ லேசா சாகாது, அதான் தப்பா பண்ணினாலும் நம்ம முறை சரின்னு தோணிடுது. நடுவுல களிமண் உருண்டை, சுத்தி ப்யூமிஸ், இப்ப தண்ணி ஊத்தினா என்ன ஆகும்? தண்ணி லேசான எடம் பாத்து ஓரமா ஓடிடும். உருண்டை ஒரு தடவை காஞ்சா மறுபடி நனையாது, நனைஞ்சா வாரக்கணக்குல காயாது. வேர் இருக்கறது அந்த உருண்டைக்குள்ள. மேல தொட்டுப் பாத்து ஈரம் இருக்கா இல்லையான்னு நீங்க எப்படி கண்டுபுடிப்பீங்க? உங்க ரெண்டு மரத்தையும் அடுத்த தடவை தொட்டி மாத்தும்போது உருண்டைக்குள்ள புது வேர் எவ்ளோ, வெளிய எவ்ளோன்னு பாத்து போட்டோ போடுங்க, நான் தப்புன்னா ஒத்துக்கறேன்.

பழையகை: போடறேன். ஆனா கழுவறதை ஒத்துக்க மாட்டேன்.

சரிங்க சார், போட்டோ வரட்டும்.

கம்பிக்காரன்: துளிர் வந்துடுச்சு, கிளையை வளைக்க வயர் சுத்தலாமா?

மண்புழுவுக்கு சொன்னதை படிங்க. மொத வருஷம் முழுக்க வயரும் இல்ல, கத்தரியும் இல்ல. அப்பறம் கிளை பென்சில் அளவு ஆகறதுக்கு முன்னாடி வளைச்சுடுங்க, முத்தினா பட்டுன்னு ஒடியும்.

ஒருபக்கம்: என் மரத்துல ஒரு பக்கம் மட்டும் துளிர் வருது, மறுபக்கம் மொட்டையா இருக்கு. மறுபக்கம் செத்துடுச்சா?

இது நல்ல கேள்வி. ஆலிவ்ல ஒரு வேர் பெரும்பாலும் தனக்கு நேர் மேல இருக்கற தண்டுக்கும் கிளைக்கும்தான் தண்ணி அனுப்பும். நடு மரம் மக்கினாலும் பட்டை ஓரமா உயிர் நரம்பு கயிறு மாதிரி முறுக்கிட்டு ஏறுதே, பழைய மரத்தோட அழகே அதான். ஒரு பக்கம் பெரிய வேர் போயிருந்தா அதுக்கு மேல இருக்கற பட்டை காஞ்சுடலாம். ஆனா உடனே முடிவு கட்டாதீங்க, மறுபக்கம் அடுத்த சூடான பருவத்துல கூட வரும். பட்டை தானா கழண்டு விழுந்தா மட்டும் அந்த எடம் போச்சுன்னு வெச்சுக்குங்க, அப்பவும் நஷ்டம் இல்ல, ஆலிவ் கட்டை கெட்டி, செதுக்கினா அதான் மரத்தோட முகமே. எங்க உயிர் இருக்குன்னு மரம் காட்டற வரைக்கும் உளியை எடுக்காதீங்க.

தழைத்தவன்: கிளையில சின்னச் சின்ன கட்டி மாதிரி முண்டு முண்டா இருக்கு.

அது பாக்டீரியா நோய், வெட்டுக்காயம் வழியா பூரும். மழையில, ஈரத்துல வெட்டாதீங்க. காஞ்ச நாள்ல அந்தக் கிளையை எடுத்துட்டு, ஒவ்வொரு வெட்டுக்கும் நடுவுல கத்தரியை ஸ்பிரிட்டால தொடைங்க.

வேலியோரம்: காட்டுல போய் நானே தோண்டலாமா?

நிலத்துக்காரர் எழுதிக் குடுத்தா தோண்டுங்க, இல்லன்னா அது திருட்டு. ஊர் விட்டு ஊர் கொண்டு போறதுக்கு முன்னாடி சட்டத்தையும் பாருங்க. 2013ல இத்தாலியோட புலியா பகுதியில சைலெல்லா கிருமியைக் கண்டுபுடிச்சாங்க, லட்சக்கணக்கான ஆலிவ் மரம் அங்க பட்டுப் போச்சு, அதுலேர்ந்து ஐரோப்பாவுல செடி கொண்டு போறதுக்கு கெடுபிடி.

வறட்சி: ஆலிவ் வறட்சி தாங்கற மரமாச்சே, வாரத்துக்கு ஒரு தடவை தண்ணி போதும்ல?

நிலத்துல தாங்கும், வேர் எங்கெங்கயோ போய் தேடிக்கும். தொட்டியில எங்க போகும்? மேல்பக்கம் காய ஆரம்பிச்சா ஊத்துங்க.

அத்திப்பிஞ்சு: ஃபைகஸுக்கும் இதே முறையா?

ஃபைகஸ் வளர்க்கறவங்ககிட்ட கேளுங்க.

குட்டிஇலை: துளிர் வந்திருக்கு அக்கா, இலை பெருசா இருக்கு, கிள்ளி விடவா?

துளிர்லேர்ந்து. கையை. எடுங்க. மொத இலை பெருசாத்தான் வரும். காட்டு ஆலிவ்னா பின்னாடி தானா சிறுசாகும், தோட்டத்து வகைன்னா கிளை நெருக்கமானப்பறம்தான்.

புதுக்கை: அக்கா, நீங்க சொன்ன மாதிரி இப்பதான் தட்டையா அறுத்து, பெட்டியில வெச்சு, கம்பியும் கட்டிட்டேன். நல்லா இறுகியிருக்கான்னு லேசா ஆட்டிப் பாத்தேன், ஆடுது.

தம்பி... வேர் வர்றதுக்கு முன்னாடியே பாத்தீங்க, தப்பிச்சீங்க. நாலு பக்கமும் இன்னொரு கம்பி போட்டு இறுக்குங்க. கவரை மூடுங்க. இனிமே ஆட்டாதீங்க.