கிரீன் கார்டு வரட்டும் தம்பி, வின்செஸ்டர் எங்கும் போகாது

தம்பி, எச்-1பி வேலை விசாவில் டாலஸ் வந்து நான்கு மாதம்தான் ஆகிறது, துப்பாக்கிக் கண்காட்சியில் வின்செஸ்டர் 94 ரைஃபிளின் நினைவுப் பதிப்பு (ஏதோ ஒன்றின் நினைவாகச் செய்தது) ஒன்றைப் பார்த்ததிலிருந்து அதே நினைப்பு, சேகரிப்பை எதில் தொடங்கலாம், விலை ஏறுமா, பின்னாளில் ஊருக்குக் கொண்டுபோக முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். முதலில் இதைக் கேளுங்கள். கிரீன் கார்டு கைக்கு வரும்வரை வாங்காதீர்கள்.

எச்-1பி, மாணவர்களின் எஃப்-1 மாதிரி தற்காலிக விசாவில் இருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதே இங்கே கூட்டாட்சிக் குற்றம். டெக்சாஸில் தனி ஆளிடம் வாங்கினால் படிவமும் இல்லை, பின்னணி விசாரணையும் இல்லை. பணத்தைக் கொடுத்தால் கையில் கொடுத்துவிடுவார். அவர் கேட்கவில்லை என்பதற்காக நீங்கள் வைத்திருப்பது சரியாகிவிடாது. மாட்டினால் சிறை மட்டும் இல்லை, நாடு கடத்தவும் அது ஒன்றே போதும்.

"வேட்டை லைசென்ஸ் எடுத்துக்கோ, ஒண்ணும் ஆகாது" என்று நம் ஆட்கள் சொல்வார்கள். அப்படி ஒரு விலக்கு உண்மையிலேயே இருக்கிறது. ஆனால் டெக்சாஸ் வேட்டை உரிமம் ஆகஸ்ட் 31-ஓடு முடிந்துவிடும். புதுப்பிக்க மறந்தால் மறுநாள் காலை அலமாரியில் இருக்கும் அதே ரைஃபிள் குற்றம். இதை அவர்கள் சொல்ல மாட்டார்கள். சிட்டிசன் நண்பரை வாங்கித் தரச் சொல்வது இன்னும் மோசம், அவரும் சேர்ந்து உள்ளே போவார். இருபது வருடம் இங்கே இருந்தும் ஒரு படிவத்தை முழுதாகப் படித்திராதவர்கள் புதிதாக வந்த பையன்களுக்கு யோசனை சொல்வதைப் பார்த்தால் எனக்கு இன்றும் கோபம் வருகிறது.

விலையா? 1966-இல் வந்த நூற்றாண்டுப் பதிப்பும் 1968-இன் பஃபலோ பில் பதிப்பும் தலா ஒரு லட்சத்துக்கு மேல் செய்யப்பட்டவை. வாங்கியவர்களில் பெரும்பாலோர் பெட்டியிலேயே பத்திரமாக வைத்துவிட்டார்கள். அப்புறம் எப்படி ஏறும்? 1964-இல் வந்த வயோமிங் பதிப்பு ஏறக்குறைய 1,500-தான், அது வேறு கதை. சம்பாதிக்க நினைத்தால் இந்தப் பக்கமே வராதீர்கள். பிடித்திருந்தால், சுடாதது, பெட்டியும் காகிதங்களும் உள்ளது என்று பார்த்து வாங்குங்கள். ஊருக்குக் கொண்டுபோகும் யோசனையை விட்டுவிடுங்கள்.

நான் 1999-இல் ஹூஸ்டன் வந்தேன். கூட்டி வந்த கம்பெனி இரண்டு மாதம் சம்பளமில்லாமல் உட்கார வைத்தது. கார் கிடையாது. கீழ்வீட்டில் எண்ணெய்க் கிணற்று வேலையிலிருந்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவர், சனிக்கிழமை தோறும் தன் பிக்கப்பில் என்னை அரிசி வாங்கக் கூட்டிப்போவார். அவர் பேசும் டெக்சாஸ் ஆங்கிலம் முதலில் பாதிதான் புரியும். அவரிடம்தான் நான் இந்த ஊர்ப் பேச்சையும், மான் வேட்டையையும், பிரிஸ்கெட் எனும் மாட்டு நெஞ்சுக்கறியை இரவெல்லாம் புகையில் வேகவைப்பதையும் கற்றேன். நம் ஆட்களோடு மட்டும் பழகியிருந்தால் இதில் ஒன்றும் கிடைத்திருக்காது.

ஒரு நாள் கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு பெட்டியை இழுத்தார். 1970-இன் லோன் ஸ்டார் பதிப்பு. டெக்சாஸ் மாநிலமாகி 125 ஆண்டு ஆனதற்காக வின்செஸ்டர் செய்தது. என் கையில் கொடுத்தார். நான் ஆசையில் தோட்டா ஏற்றும் லீவரைக் கீழே இழுத்துவிட்டேன். துப்பாக்கியின் அடித்தகடும் அதோடு சேர்ந்து இறங்கியது. அவர் மெதுவாக வாங்கி, லீவரை மேலே தள்ளி மூடி, என் விரல் பட்ட இடத்தை எண்ணெய்த் துணியால் துடைத்தார். ஒரு வார்த்தை சொல்லவில்லை. சேகரிப்பவர்கள் லீவரை ஆட்டவே மாட்டார்கள், ஒவ்வொரு ஆட்டலுக்கும் தேய்மானம் விழும் என்று எனக்கு அப்போது தெரியாது. தற்காலிக விசாக்காரர்களுக்கான தடை 1998-லேயே வந்துவிட்டது என்பதும் தெரியாது.

2007-இல் கிரீன் கார்டு வந்தது. மகள் வீட்டுக்குக் குடிபோகுமுன் அவர் அதை எனக்கே விற்றார். இப்போதும் பெட்டியைத் திறந்தால் தோட்டாவை உள்ளே தள்ளும் போல்ட்டின் பக்கத்தில், அன்று நான் லீவரை இழுத்ததில் விழுந்த அந்த மெல்லிய கோடு தெரிகிறது.