தந்தையார் விட்டுச்சென்ற றைபிள்: திருத்துவதா, மாற்றுவதா?

கேள்வி: ஐயா, எனது தந்தையார் மாத்தளையில் தேயிலைத் தோட்டமொன்றில் உத்தியோகம் பார்த்த காலத்தில் வாங்கிய .22 வேட்டை றைபிள் ஒன்று எங்களிடம் உள்ளது. அவர் மறைந்தபின் அனுமதிப்பத்திரத்தை முறைப்படி என் பெயருக்குப் பெற்று, ஆண்டுதோறும் புதுப்பித்து வருகிறேன். புத்தளம் பக்கம் எங்களுக்கு ஒரு தென்னங்காணி உண்டு. அங்கே காட்டுப்பன்றித் தொல்லை அதிகம் என்பதால் இதனைத் திரும்பவும் பயன்படுத்த எண்ணினேன். ஆனால் பத்துத் தோட்டாக்களில் இரண்டு மூன்று வெடிப்பதில்லை. வெடித்தவற்றின் கோதும் இலகுவில் வெளியே வருவதில்லை. முன்பு ஐம்பது யார் தூரத்தில் ஒரு தீப்பெட்டி அளவுக்குள் விழுந்த சன்னங்கள், இப்போது ஒரு சோற்றுக் கோப்பையின் அகலத்துக்குச் சிதறுகின்றன. பிடங்கின் (துவக்கின் மரப்பகுதியின்) கழுத்திலும் மயிரிழை போன்ற வெடிப்பு ஒன்று தெரிகிறது. துவக்குத் திருத்துபவர் ஒருவர் பார்த்துவிட்டு, குழல் முடிந்துவிட்டது, புதுக்குழல் போடுவதாயின் இன்னொரு துவக்கின் விலையில் முக்கால்வாசி செலவாகும், ஆகவே இதைக் கைவிட்டு வேறொன்று எடுங்கள் என்கிறார். சிறு வயதில், அப்பா தோட்டா இல்லை என்று உறுதிசெய்து தந்த பின்னர், நானும் தம்பியும் மணிக்கணக்கில் இதனை வெறுமனே 'சுட்டு' விளையாடியிருக்கிறோம். அம்மாவுக்கு இதனை விட மனமில்லை. என்ன செய்யலாம்?
— வெள்ளவத்தை வாசகர்

பதில்: உங்கள் கடிதத்தை இரண்டாம் முறை வாசித்தபோது எனக்கு ஐயம் எழுந்தது குழலின் மீதன்று, உங்கள் மீதும் உங்கள் தம்பியின் மீதுமே. .22 தோட்டாவுக்கு, பெரிய றைபிள் தோட்டாக்களுக்கு இருப்பதுபோல் அடிப்புறத்தின் நடுவே தனியான தீமூட்டி கிடையாது. தீமூட்டும் கலவை அதன் அடிவிளிம்பின் உள்மடிப்புக்குள் பரவியிருக்கிறது. துவக்கின் ஊசி அந்த விளிம்பைத் தோட்டா அறையின் ஓரத்தோடு சேர்த்து நசுக்கும்போதுதான் அது தீப்பற்றும். அறையில் தோட்டா இல்லாதபோது விசையை இழுத்தால், பழைய துவக்குகள் பலவற்றில் அந்த ஊசி நேரே அறையின் உருக்கு ஓரத்திலேயே போய் அடிக்கும். ஆயிரக்கணக்கான முறை அடிபட்ட ஓரத்தில் முதலில் ஒரு குழி விழும்; குழியிலிருந்து பிதுங்கிய உலோகம் அறைக்குள் ஒரு சிறு மேடாக நீட்டிக்கொண்டு நிற்கும். குழி விழுந்த இடத்தில் விளிம்புக்குத் தாங்கல் இல்லாததால் ஊசி அதனைச் சரியாக நசுக்குவதில்லை. ஆகவே தோட்டா வெடிக்க மறுக்கிறது. மேடு கோதைக் கீறிப் பிடித்துக்கொள்வதால் கோது வெளியே வர மறுக்கிறது. நீங்கள் இரண்டு பழுதுகளாக எழுதியவை ஒரே பழுதாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

இதனை உறுதிசெய்வது கடினமன்று. சுட்ட கோதுகள் சிலவற்றை எடுத்து வெளிச்சத்தில் பாருங்கள்: அவற்றின் பக்கத்தில், விளிம்பில் ஊசி பட்ட இடத்துக்கு நேரே, ஒரே இடத்தில் ஒரு கீறல் ஓடியிருந்தால் நான் சொன்ன மேடு அங்கே இருக்கிறது. அதற்கென்றே செய்யப்பட்ட ஒரு கூர்நீள உருக்குக் கருவியை அறைக்குள் செலுத்தி, பிதுங்கிய உலோகத்தைத் திரும்ப அதன் இடத்துக்கே அழுத்திவிடுவது கைதேர்ந்த திருத்துநருக்கு அரை மணி நேர வேலை. அரத்தால் அராவிச் சரிசெய்கிறேன் என்பவரிடம் மட்டும் கொடுத்துவிடாதீர்கள். அராவினால் மேடு போகும், ஆனால் குழி அப்படியே இருக்கும், அதன்பின் அழுத்தி நிரப்புவதற்கு உலோகமும் இராது.

கீறல் இல்லாவிட்டால், வெடிக்காத தோட்டாவின் விளிம்பில் ஊசி பதித்த தடத்தைப் பாருங்கள். தடம் ஆழமாக இருந்தும் வெடிக்கவில்லையென்றால், அந்தத் தோட்டாவின் விளிம்பில் கலவை ஒழுங்காகப் பரவவில்லை என்றே கொள்ளவேண்டும். வேறொரு தயாரிப்பின் தோட்டாக்களை வாங்கிப் பாருங்கள். தடம் ஆழமற்று இருந்தால் போல்ற்றின் (அறையின் பின்புறத்தை அடைக்கும் உலோகத் தண்டின்) உள்ளே இருக்கும் வில்லு தளர்ந்திருக்கும், அல்லது ஊசியின் முனை தேய்ந்திருக்கும், அல்லது நாற்பது ஆண்டு எண்ணெய் பிசினாகி ஊசியின் ஓட்டத்தைத் தடுத்துக்கொண்டிருக்கும். கடைசியாகச் சொன்னதுதான் நம் நாட்டில் மிகப் பொதுவானது. கழற்றித் துப்புரவாக்குவதோடு அது தீர்ந்துவிடும். வெடிக்காத தோட்டாவை உடனே வெளியே இழுக்கவேண்டாம். சில வேளை தீ தாமதித்துப் பற்றும். ஆகவே குழலை ஆபத்தற்ற திசையில் நீட்டியபடி குறைந்தது முப்பது விநாடி பொறுத்திருங்கள்.

இனி, குழல். .22 தோட்டாவின் சன்னம் இரண்டரைக் கிராமுக்குச் சற்றே கூடிய மென்மையான ஈயம். அதனை வினாடிக்கு முந்நூறு மீற்றருக்கு மேலான வேகத்தில் தள்ளும் மருந்தும் மிகச் சிறிதளவே. அத்தகைய குழலொன்று பல்லாயிரம் தோட்டாக்களைக் கண்டபின்னும் நன்றாகவே இருக்கும். தோட்ட உத்தியோகத்தர் ஒருவர் வாழ்நாள் முழுவதும் சுட்டாலும் அதனைத் தேய்த்துவிட முடியாது. குழலைக் கெடுப்பவை இரண்டு: துரு, துப்புரவுக் கம்பி. பழைய தோட்டாக்களின் தீமூட்டும் கலவை குழலுக்குள் உப்பைப் படியவிட்டுச் சென்றது; அந்த உப்பு காற்றின் ஈரத்தை இழுத்து, கழுவாத குழலைச் சில நாட்களில் அரித்தது. மலைநாட்டின் மழையும் வெள்ளவத்தைக் கடற்காற்றும் அதற்கு நல்ல துணை. ஆகவே உள்ளே நெருக்கமான குழிகள் விழுந்திருந்தால் உங்கள் திருத்துநர் சொன்னது சரியாகவும் இருக்கலாம். ஆனால் ஓர் ஒளியை மறுமுனையில் பிடித்து உள்ளே பார்த்தாரா, ஈயப் படிவை அகற்றியபின் பார்த்தாரா என்று நீங்கள் எழுதவில்லை. குழலின் உட்புறத்தில் சன்னத்தைச் சுழலவைக்கும் முறுக்குக் கோடுகளின்மேல் படிந்த ஈயத்தைத் தேய்மானம் என்று எண்ணிக் குழலைக் கைவிடச் சொன்னவர்களை என் பட்டறைக் காலத்தில் நான் கண்டிருக்கிறேன்.

முதலில் குழலைத் துப்புரவாக்குங்கள்; பின்புறமாக, பித்தளைத் தூரிகையால். போல்ற்றைக் கழற்ற முடியாதவர்கள் முன்வாயால் கம்பியை விடுவது வழக்கம். ஆண்டுக்கணக்கில் கம்பி உரசி வாயின் ஓரம் ஒருபக்கமாகத் தேய்ந்தால், சன்னம் வெளியேறும் கணத்தில் வாயு ஒருபக்கமாகக் கசிந்து அதனைச் சாய்த்துவிடும். அப்படியாயின் குழல்வாயின் ஓரத்தைச் சதுரமாக வெட்டிச் செப்பனிட்டாலே போதும். குழலை மாற்றத் தேவையில்லை. அதற்கும் முன்னர், உலோகப் பகுதியைப் பிடங்கோடு இணைக்கும் திருகாணிகளை முறுக்கிப் பாருங்கள். உங்கள் பிடங்கின் கழுத்திலே வெடிப்பு இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். வெடித்த மரத்தில் திருகாணி இறுகி நிற்காது, இறுகாத துவக்கு ஒவ்வொரு வெடிக்கும் சற்றே வேறிடத்தில் அமரும். சோற்றுக் கோப்பை அளவுச் சிதறலுக்கு அதுவே போதிய காரணம். வெடிப்பை எண்ணெய் போக நன்றாகக் கழுவி, பசையிட்டு, உள்ளே ஒரு மெல்லிய முளையும் செலுத்தி இணைக்கலாம். எண்ணெய் ஊறிய மரத்தில் எந்தப் பசையும் பிடிக்காது என்பதால் கழுவும் வேலையிலேதான் பொறுமை வேண்டும்.

எந்தப் பழுதைத் திருத்தலாம், எதற்காகத் துவக்கையே கைவிடவேண்டும் என்பதை விலை தீர்மானிப்பதில்லை. வெடியின் அழுத்தத்தைத் தாங்கும் பகுதி எது என்பதே தீர்மானிக்கிறது. வில்லு, ஊசி, கோதை இழுக்கும் கொக்கி, விசை, குறிகள், பிடங்கு ஆகிய எல்லாம் மாற்றத்தக்கவை; தயாரிப்பு நின்றுபோன துவக்காயினும், தகுந்த உருக்கும் அதற்குச் சரியான பதம் போடத் தெரிந்த கையும் இருந்தால் புதிதாகச் செய்யலாம். பதம் மிஞ்சினால் ஊசி முறியும், குறைந்தால் முனை மழுங்கும் என்பதை மட்டும் அறிந்திருங்கள். மாறாக, அடைப்பிருந்த குழலில் சுட்டதால் ஓரிடத்தில் புடைத்த குழல் (உள்ளே பார்த்தால் கரிய வளையம் ஒன்று தெரியும்), அறையைச் சூழ்ந்த உடற்பகுதியில் வெடிப்பு, போல்ற் பூட்டும் இடத்தில் தேய்மானம் அல்லது வெடிப்பு, சுட்ட கோதின் அடிப்புறம் பிதுங்கியோ கிழிந்தோ வருதல் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று காணப்பட்டால், அம்மாவின் மனத்தையும் பொருட்படுத்தாமல் அன்றே சுடுவதை நிறுத்திவிடவேண்டும். உங்கள் கடிதத்தில் அத்தகைய அறிகுறி எதுவும் இல்லை.

கொழும்பில் இருந்துகொண்டு 'வேறொன்று எடுங்கள்' என்று சொல்வது, ஒரு தையல் இயந்திரத்தை மாற்றச் சொல்வதுபோல் இலகுவான ஆலோசனையன்று. 1916ஆம் ஆண்டின் சுடுகலன்கள் கட்டளைச் சட்டத்தின் கீழ் உங்களிடமுள்ள அனுமதி, துவக்கு வைத்திருப்பதற்கான பொது உரிமை அன்று. அந்த இலக்கமுடைய அந்தத் துவக்குக்கு, உங்கள் பெயரில் தரப்பட்ட அனுமதி. பழையதைக் கொடுத்துவிட்டுப் புதியதை எடுப்பதாயின் விண்ணப்பம், பொலிஸ் அறிக்கை, மாவட்டச் செயலகம் என்று வழி நீளும். அது முடியும்வரை கையில் எதுவும் இராது, முடிந்தபின் கிடைக்கும் என்பதற்கும் உறுதியில்லை. ஆகவே திருத்தத்தக்கதைத் திருத்துவதே நம் நாட்டில் புத்தி. திருத்துபவரும் அதற்குரிய அனுமதி பெற்றவராக இருக்கவேண்டும். பட்டறைக்குக் கொண்டுசெல்லும்போது தோட்டாவை நீக்கி, அனுமதிப்பத்திரத்தையும் உடன் கொண்டுசெல்லுங்கள். இலக்கம் பொறித்த பகுதி எதையேனும் மாற்றவேண்டி வந்தால், அனுமதி தந்த அலுவலகத்துக்கு முன்கூட்டியே எழுத்தில் அறிவியுங்கள்.

இவ்வளவும் எழுதிவிட்டு, நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லவேண்டியிருக்கிறது. எவ்வளவு நன்றாகத் திருத்தினாலும் இந்த றைபிள் பன்றிக்கு உரியதன்று. வளர்ந்த காட்டுப்பன்றியின் தோளை அந்தச் சிறிய ஈயச் சன்னம் ஊடுருவாது. காயப்பட்ட பன்றி பற்றைக்குள் போய் நாட்கணக்கில் வதைபடும், அல்லது மறுநாள் காணியில் தேங்காய் பொறுக்க வருபவர் மீது பாயும். அதோடு, தவறிய .22 சன்னம் ஒன்றரைக் கிலோமீற்றர் வரை செல்லக்கூடும் என்று தோட்டாப் பெட்டியிலேயே எச்சரிக்கை அச்சிடப்பட்டிருப்பதைப் பாருங்கள். புத்தளத்துச் சமதரையில், தென்னைகளுக்கு அப்பால் வீடுகள் இருக்கும் இடத்தில், அது சிறிய விடயமன்று. பன்றிக்காகத்தான் துவக்கு வேண்டுமென்றால், பயிர்ப் பாதுகாப்புக்கென 12 போர் சொட்கன் ஒன்றுக்குத் தனியே விண்ணப்பியுங்கள். இல்லாவிட்டால் நல்ல வேலியில் பணத்தைச் செலவிடுங்கள். தந்தையாரின் றைபிளை, அறையின் ஓரத்தையும் பிடங்கையும் மட்டும் திருத்தி, தாள் குறியில் சுடுவதற்கு வைத்துக்கொள்ளலாம். குழலைப் பற்றிய முடிவை அதன்பின் எடுங்கள். பெரும்பாலும் எடுக்கவேண்டி வராது.

கேள்வி: எங்கள் பாட்டனாரின் இரட்டைக்குழல் 12 போர் துவக்கின் குழல்களில் அலையலையான கோலம் ஓடுகிறது. பூட்டு சற்றே ஆடுகிறது. பூட்டை இறுக்கிவிட்டால் இக்காலத் தோட்டாக்களைப் போடலாமா?
— கொட்டாஞ்சேனை வாசகர்

பதில்: போடவேண்டாம். அந்தக் கோலம், இரும்பையும் உருக்கையும் நாடாவாகப் பின்னிச் சுற்றி ஒட்டவைத்த டமஸ்கஸ் குழலுக்குரியது. அவற்றுட் பெரும்பாலானவை புகை கக்கும் கருமருந்தின் மெதுவான அழுத்தத்துக்கென்று செய்யப்பட்டவை. பிரித்தானியத் துவக்கென்றால், 1637இல் சாசனம் பெற்ற இலண்டன் துவக்குக் கைவினைஞர் சங்கத்தின் சோதனைச்சாலையோ, 1813இல் நிறுவப்பட்ட பர்மிங்ஹாம் சோதனைச்சாலையோ குழலின் அடிப்புறத்தில் பொறித்த முத்திரைகள் இருக்கும். அவற்றில் இக்காலத்துப் புகையற்ற நைட்ரோ மருந்துக்கான சோதனை முத்திரை இல்லையென்றால் பேச்சு அத்தோடு முடிந்தது. சில டமஸ்கஸ் குழல்கள் அச்சோதனையிலும் தேறியிருக்கின்றன. ஆனால் அன்று தேறிய குழல் இன்றும் அதே கனத்தில் இருக்கிறது என்று முத்திரை சொல்லாது, அதனை அளந்தே அறியவேண்டும். இன்னொரு ஆபத்தும் உண்டு: பழைய துவக்குகளின் அறை பெரும்பாலும் 65 மில்லிமீற்றர், இன்று கிடைக்கும் தோட்டாக்களிற் பல 70 மில்லிமீற்றர். வாய் மடிக்கப்பட்டிருப்பதால் 70 மில்லிமீற்றர்த் தோட்டாவும் அறைக்குள் தடையின்றிப் போய்விடும். வெடிக்கும்போதுதான் மடிப்பு விரிவதற்கு இடமின்றி அழுத்தம் ஏறும். பூட்டை இறுக்குவது இவற்றுள் ஒன்றையும் மாற்றாது. அனுமதியைப் புதுப்பித்து, சுடாமல் வைத்துக்கொள்ளுங்கள். அல்லது பொலிஸ் நிலையத்தில் விசாரித்து முறைப்படி ஒப்படையுங்கள்.

கேள்வி: துவக்கை எண்ணெய் பூசித் தோலுறையில் இட்டுப் பத்திரமாக வைத்தும் துருப்பிடிக்கிறதே?
— தெஹிவளை வாசகர்

பதில்: தோலுறையில் இட்டதால்தான் துருப்பிடிக்கிறது. தோல் ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். பதனிட்ட தோலிலுள்ள உப்பும் அமிலமும் அதனோடு சேரும். உறை பயணத்துக்கு மட்டுமே. வீட்டில், பூட்டிய உலர்ந்த அலுமாரியில், ஈரமுறிஞ்சும் சிலிக்கா ஜெல் பை ஒன்றோடு வையுங்கள். பையை இடையிடையே சூடாக்கி உலர்த்தவேண்டும். எண்ணெயைத் துணியில் தொட்டுத் துடைப்பதே போதும், ஊற்றவேண்டியதில்லை. நிறுத்தி வைப்பதாயின் குழல்வாய் கீழ்நோக்கி இருக்கட்டும்; இல்லையேல் எண்ணெய் வழிந்து பிடங்கின் கழுத்தில் ஊறும், வெள்ளவத்தை வாசகரின் பிடங்கு வெடித்ததும் அனேகமாக அவ்வாறே. சுடுவதற்கு முன்னர், தோட்டா இல்லை என்பதை உறுதிசெய்துகொண்டு, குழலின் உட்புற எண்ணெயை உலர்ந்த துணியால் முழுவதும் துடைத்து எடுத்துவிடுங்கள்.