தடைக்காலத்தில் கரையில் சும்மா இருக்கும்போது படிக்க, மீன்பிடி பற்றிய நல்ல புத்தகங்கள் எவை?

ஒருவர் இந்தக் கேள்வியைக் குளிர்காலத்தை வைத்துக் கேட்டிருந்தார். ஏரி உறைந்து தூண்டில் போட வழியில்லாத மாதங்களில் மேல்நாட்டுக்காரர்கள் மீன்பிடிப் புத்தகமாக எடுத்துப் படிப்பார்களாம், நம் பக்கம் அப்படி என்ன இருக்கிறது என்பது அவர் கேள்வி. எங்களுக்கு மார்கழி, தையில் கடல் தெளிந்து கிடக்கும்; ஒருத்தனும் கரையில் இருக்கமாட்டான். நாங்கள் சும்மா இருப்பது மழையில்தான். தமிழ்நாட்டின் மேற்குக் கரைக்கு ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை 61 நாள் மீன்பிடித் தடை. கன்னியாகுமரி மாவட்டத்தில் எங்கள் ஊரான நீரோடியைத் தாண்டிப் பொழியூரில் காலை வைத்தால் கேரளம். அங்கே அதற்குப் பெயர் டிரோளிங் நிரோதனம், 52 நாள். ஒரே கடல், இரண்டு கணக்கு.

நான் கொச்சியிலிருந்து தங்கலுக்கு (நாள்கணக்கில் கடலிலேயே தங்கி மீன் பிடிக்க) போகும் படகில் வேலை செய்கிறவன். தடை வந்தால் ஊருக்கு வந்துவிடுவேன். வெளியே அலை ரோட்டைத் தொட்டுக்கொண்டிருக்கும். உள்ளே மரச்சீனிக் கிழங்கு வேகும். அந்த இரண்டு மாதத்தில்தான் நான் படித்ததெல்லாம். என் அளவுகோல் ஒன்றே ஒன்று: எழுதியவருக்குக் கயிறு தெரிந்திருக்க வேண்டும். கடலை வாழ்க்கைக்கு உவமையாகச் சொல்கிற புத்தகத்தைப் பத்துப் பக்கத்தில் மூடிவிடுவேன்.

அந்தக் கணக்கில் முதலாவது ஹெமிங்வேயின் 'கிழவனும் கடலும்'. 1952-இல் வந்தது. தமிழில் எம்.எஸ். மொழிபெயர்த்திருக்கிறார், நாகர்கோவில் பக்கத்துக்காரர். 84 நாள் மீன் படாத கியூபாக் கிழவன், 85-ஆம் நாள் தனியே போகிறான். எல்லோரும் அவனுடைய மன உறுதியைப் பேசுவார்கள். நான் விழுந்தது வேறு இடத்தில். நாலு தூண்டிலை 40, 75, 100, 125 பாகம் (ஒரு பாகம் ஆறடி) என்று நாலு ஆழத்தில் இறக்கிவிட்டு, கயிறு கோணாமல் நேராக நிற்கும்படி துடுப்பை மெல்லப் போடுகிறான். மற்றவர்கள் நீரோட்டத்தில் இழுபட விடுவார்கள், நூறு பாகம் என்று நினைத்த தூண்டில் அறுபதில் கிடக்கும் என்கிறான். இதைப் படித்ததும் எழுந்து உட்கார்ந்துவிட்டேன். இது கரையில் இருந்தபடி யோசித்து எழுதுகிற விஷயம் இல்லை. அப்புறம், மீனைக் கொன்று படகோரம் இழுத்துக் கட்டுகிறபோதே அவன் விலைக் கணக்குப் போடுகிறான். 1,500 ராத்தல் இருக்கும், கழிவு போக மூன்றில் இரண்டு பங்கு, ராத்தலுக்கு 30 சென்ட் என்று போய், இதற்குப் பென்சில் வேண்டும் என்று நிறுத்துகிறான். எங்கள் படகில் கணக்கு இன்றைக்கும் அப்படித்தான் ஓடும். பென்சில் இடத்தில் செல்போன்.

இந்தக் கதையை ஒரு தடைக்காலத்தில் என் மாமனுக்கு வாசித்துக் காட்டினேன். தூத்தூர் வட்டாரமே சுறா வேட்டைக்குப் பேர்போனது, மாமன் நாற்பது வருஷம் சுறாத் தூண்டில் போட்டவர். சுறாக்கள் வந்து கிழவனின் மீனைத் தின்னும் இடத்தில் என் குரல் கம்மிவிட்டது. மாமன் பீடியை எடுத்துவிட்டுக் கேட்டார்: “லேய், அவன் எதுக்கு அழுவான்? சுறா தானா வந்து படகில முட்டுது. தூண்டிலை மாத்திப் போடச் சொல்லுலே.” வாசிப்பு அதோடு முடிந்தது.

ஆனால் அந்தக் கிண்டலுக்குள் ஒரு விஷயம் இருக்கிறது. கிழவன் கடலைப் பெண்ணாக நினைத்துப் பேசுவான், நாம் கடலம்மா என்கிறது மாதிரி. இளவட்டங்கள், சுறா ஈரல் நல்ல விலைக்குப் போன காலத்தில் அந்தக் காசில் மோட்டார் படகு வாங்கினவர்கள், கடலை ஆணாக்கி ஓர் எதிராளியைப் போலப் பேசுவார்களாம். அந்தப் பத்தியைப் படித்தபோது நான் கிழவன் பக்கம் இல்லை, அந்த மோட்டார் படகில் இருக்கிறேன் என்று தெரிந்தது. கொஞ்சம் உறைத்தது.

அடுத்தது தகழியின் 'செம்மீன்'. மலையாளத்தில் 1956-இல் வந்தது. எங்கள் மாவட்டத்தைத் திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து பிரித்துத் தமிழ்நாட்டோடு சேர்த்த அதே வருஷம். தமிழாக்கம் சுந்தர ராமசாமி, அவரும் நாகர்கோவில்காரர். தமிழுக்கு முன்னால் மலையாளம் படித்தவர் என்பதாலோ என்னவோ, மொழிபெயர்ப்பில் தட்டல் இல்லை. கறுத்தம்மா, பரீக்குட்டி காதல் எல்லோருக்கும் தெரியும், 1965-இல் வந்த படம் அதை வீடு வீடாகக் கொண்டுபோய்விட்டது. எனக்கு அதில் பெரிது கறுத்தம்மாவின் அப்பன் செம்பன்குஞ்சு. சொந்தமாக ஒரு தோணியும் வலையும் வேண்டும் என்ற ஒரே வெறியில் பரீக்குட்டியிடம் சரக்கு வாங்குகிறான், திருப்பித் தரவில்லை. கடன்பட்டவனுக்குக் கொஞ்சம் காசு வந்ததும் முகம் எப்படி மாறும், பழைய கடன்காரனைப் பாதையில் பார்த்தால் எப்படித் திரும்பிக்கொள்வான் என்பதெல்லாம் எங்கள் கடற்கரையில் தினமும் பார்ப்பது. ஏலக்காரனிடம் முன்பணம் வாங்காத படகு எத்தனை இருக்கிறது?

ஆனால் அந்த நாவல் நிற்கிற நம்பிக்கை ஒன்று உண்டு. கரையில் இருக்கிறவள் கற்போடு இருந்தால்தான் கடலில் இருக்கிறவன் பிழைப்பான் என்பது. கதையை அம்மையிடம் சொன்னேன். அது 2017 நவம்பர் 30-இல் ஒக்கிப் புயல் அடித்ததற்குப் பிந்தைய மழைக்காலம். எங்கள் ஊர்களில் திரும்பி வராதவர்கள் வீட்டில் இன்னும் வெள்ளைச் சேலை புதிதாக இருந்த நேரம். அம்மை மீன் வெட்டுவதை நிறுத்தவில்லை. “காத்து அடிச்சதுக்கும் பொம்பளைக்க மேலதான் பழியா மக்களே?” என்றாள். அதற்குப் பிறகு அந்தப் புத்தகத்தை நான் முன்மாதிரி ரசித்ததில்லை. படிக்க வேண்டாம் என்று சொல்லவில்லை. கறுத்தம்மாவின் புருஷன் பழனி இரவில் ஒற்றை ஆளாகச் சுறாவைத் தூண்டிலில் போட்டு இழுபடும் பக்கங்களுக்காகவே படிக்கலாம். ஆனால் பக்கத்தில் ஒரு மீனவப் பெண் இருந்தால் அவளிடமும் கேட்டுவிட்டுப் படியுங்கள்.

ஒக்கியைப் பற்றியே படிக்க வேண்டுமென்றால் வறீதையா கான்ஸ்தந்தினின் '1000 கடல் மைல்'. எங்கள் மாவட்டத்து மனிதர், பேராசிரியர். மழை இருட்டில் தனியாக இருக்கும்போது எடுக்காதீர்கள், நான் எடுத்துவிட்டு இரண்டு நாள் யாரிடமும் பேசவில்லை. அவருடைய இன்னொன்று 'பழவேற்காடு முதல் நீரோடி வரை'. தமிழகக் கடற்கரையின் ஆந்திர முனையில் பழவேற்காடு, கேரள முனையில் நாங்கள். இரண்டுக்கும் நடுவில் கிடப்பதுதான் புத்தகம். என் ஊர்ப் பெயரை அட்டையிலேயே அச்சில் பார்த்த ஒரே புத்தகம் என்பதால் எனக்குக் கொஞ்சம் பட்சபாதம் உண்டு.

வண்ணநிலவனின் 'கடல்புரத்தில்' சின்னப் புத்தகம், ஒரு மழை மத்தியானத்துக்குள் முடிந்துவிடும். மணப்பாட்டுக் கடற்கரை. வல்லத்துக்காரர்களுக்கும் (நாட்டுப் படகு) லாஞ்சுக்காரர்களுக்கும் (விசைப்படகு) மூளுகிற பகை, நடுவில் வல்லத்தை விட மனசில்லாத குரூஸ் மிக்கேல், அவர் மகள் பிலோமி. 1977-இல் வந்தது. இத்தனை பகையையும் எழுதி, ஒருத்தரையும் வில்லன் ஆக்காமல் விட்டிருக்கிறார். என் தாத்தா கட்டுமரத்தை விறகுக்கு விற்ற நாளில் சாப்பிடாமல் படுத்தார் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். அது ஏன் என்று எனக்குச் சொன்னது இந்த நாவல்தான்.

ஜோ டி குரூஸின் 'ஆழி சூழ் உலகு' (2004) நேர் எதிர்: தடிமனான புத்தகம், தடை முழுக்க ஓடும். கடல் மொழி தெரியாதவர்களுக்கு முதல் ஐம்பது பக்கம் திணறும். தாண்டிவிட்டால் கட்டுமரம் கவிழ்ந்து தத்தளிக்கிறவர்களோடு நீங்களும் மிதப்பீர்கள். தோப்பில் முஹம்மது மீரானின் 'ஒரு கடலோர கிராமத்தின் கதை'யை மீன்பிடிப் புத்தகம் என்று சொல்லமுடியாது; ஆனால் தேங்காய்ப்பட்டணம் எங்களுக்கு ஆற்றுக்கு அக்கரை, முதலாளிக்குப் பணியாத ஒரு சுறாப்பீலி (சுறாவின் துடுப்பு) வியாபாரி அதில் வருகிறான். பீலி ஏற்றுமதியை 2015-இல் தடை செய்துவிட்டார்கள், அந்த வியாபாரி இன்று இருந்தால் என்ன செய்வான் என்று யோசித்துக்கொண்டே படித்தேன்.

தூண்டில் புத்தகங்களுக்கெல்லாம் தாத்தா என்று ஐசக் வால்டனின் ஆங்கிலப் புத்தகத்தைச் சொல்வார்கள், 1653-இல் வந்தது. சிந்திக்கிறவனின் பொழுதுபோக்கு என்று அட்டையிலேயே போட்டிருக்கும். ஆற்றங்கரையில் உட்கார்ந்து பாட்டுப் பாடிக்கொண்டு மீன் பிடிக்கிறார்கள். நல்ல மனிதர்கள்தான். என்னால் முடிக்கமுடியவில்லை.

கடைசியாக, கடலுக்குப் போகாத நாளைப் பற்றியே வேண்டுமென்றால் பட்டினப்பாலை. காவிரிப்பூம்பட்டினத்துப் பரதவர் பௌர்ணமியன்று வேட்டைக்குப் போவதில்லை. 'சினைச் சுறவின் கோடு நட்டு' கும்பிட்டு, 'உவவு மடிந்து உண்டாடியும்' இருக்கிறார்கள். சினைச் சுறா என்ற சொல்லில் நின்றுவிட்டேன். மீன் சினை பிடிக்கும் காலம் என்றுதான் எங்களுக்கும் இன்றைக்குத் தடை போடுகிறார்கள். அவர்களுக்கு ஒரு நாள் விடுமுறை, கள்ளும் உண்டு. எங்களுக்கு 61 நாள், நிவாரணப் பணம் வருகிற தேதி மட்டும் தெரியாது.

ஆகஸ்ட் 1-க்கு ஐஸ் ஏற்றிக் கிளம்பும்போது பையில் 'கடல்புரத்தில்' மட்டும் வைப்பேன், இரண்டு பாலிதீன் கவருக்குள். இது இரண்டாவது பிரதி. முதலாவது டீசலில் ஊறிப்போய்விட்டது. 'கிழவனும் கடலும்' மாமன் கையில் இருக்கிறது. வாசிக்கத் தெரியாது, ஆனாலும் திருப்பித் தரமாட்டேன் என்கிறார்.