சாய்ந்து நிற்கிறதா? அப்படியென்றால் அசல் ஈம்ஸ் இல்லை

பினாங்கு ஜார்ஜ் டவுன் கடையில் 4,500 வெள்ளிக்கு “அறுபதுகளின் அசல்” என்று காட்டிய ஈம்ஸ் லவுஞ்ச் நாற்காலி, அதாவது அமெரிக்க வடிவமைப்பாளர்களான சார்ல்ஸ், ரே ஈம்ஸ் தம்பதி வடிவமைத்த நாற்காலி, அசல்தானா என்று கேட்டிருந்தீர்கள். அது நகல்தான். பிடியை இழுத்தால் முதுகு சாய்ந்து அப்படியே நிற்கிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். 1956 முதல் ஹெர்மன் மில்லர் என்ற அமெரிக்க நிறுவனம் செய்துவரும் நாற்காலியில் அந்த வசதியே கிடையாது. சாய்மானம் நிலையானது, நாற்காலி சுழலும், அவ்வளவுதான்.

பழசாகத் தெரிவதற்குப் பெரும்பாலும் ஈரக்காற்றுதான் காரணம். பினாங்கில் மலிவான செயற்கைத் தோல் சில வருடங்களிலேயே உரிந்துவிடும். கடைக்காரருக்கே தெரியாமல் இருக்கலாம்.

மறுபடி போனால் கால்களை எண்ணுங்கள். அசலில் நாற்காலிக்கு ஐந்து, கால்மணைக்கு நான்கு. அப்புறம் முதுகுப் பலகையின் பின்பக்கம் விரலால் தடவுங்கள். மரத்தில் திருகுத் தலை எதுவும் தட்டுப்படக் கூடாது. கைப்பிடிகள் உள்ளே ஒட்டிய ரப்பர் வட்டுகளில்தான் நிற்கும்.

ஒரு எச்சரிக்கை: திருகு தெரிந்தாலே நகல் என்று முடிவு கட்டாதீர்கள். அந்த ரப்பரின் பசை வயதாகி விட்டுவிடும். அவசரத்தில் மரத்தைத் துளைத்து போல்ட் போட்ட அசல் ஒன்றை நானே பார்த்திருக்கிறேன், மனசு கஷ்டமாகிவிட்டது. அடியில் முத்திரைச் சீட்டு இல்லாததும் அப்படித்தான், காலப்போக்கில் உதிர்ந்திருக்கலாம்.

வீட்டில் உட்காரத்தான் என்றால் நகல் வாங்குவதில் தப்பில்லை. ஆனால் நகலுக்கான விலையைக் கேளுங்கள்.