மேட்டைச் சுற்றிய கல்லறைகள்

அன்புள்ள சார்,

அமெரிக்காவில் ஒஹாயோ மாநிலத்தின் கொலம்பஸ் நகருக்கு, மகள் வீட்டுக்கு வந்திருக்கிறோம். போன வாரம் மாப்பிள்ளை எங்களைக் காரில் மேரியட்டா என்ற ஊருக்கு அழைத்துப்போனார். ஒஹாயோ ஆறும் மஸ்கிங்கம் ஆறும் கூடும் இடத்தில் ஒரு சின்ன ஊர். அங்கே 'மவுண்ட் செமட்ரி' என்று பழைய கல்லறைத் தோட்டம் ஒன்று உண்டு. நடுவில் மூன்று மாடி உயரத்துக்கு ஒரு மண்மேடு, அதைச் சுற்றிலும் அகழி. பூர்வகுடிகள் எழுப்பியதாம். அகழியைத் தாண்டினால் நாலு பக்கமும் வெள்ளைக்காரப் படை அதிகாரிகளின் கல்லறைகள். மேட்டின் மேல் ஏறிப் பார்க்கப் படிக்கட்டு வேறு. அடுத்தவன் சமாதியை வளைத்துப்போட்டுத் தன் சொந்தக்காரர்களைப் புதைத்திருக்கிறார்களே என்று எனக்கு மனசே ஒப்பவில்லை. "இவங்க புதைச்சதாலதான் மாமா அந்த மேடு இன்னும் நிக்குது" என்கிறார் மாப்பிள்ளை. யார் சொல்வது சரி? இவ்வளவு சின்ன ஊரில் இத்தனை ராணுவ அதிகாரிகள் எப்படி வந்து சேர்ந்தார்கள்? அந்த மேட்டுக்குள் இருப்பது யார்?

ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர், திருச்சி

அன்புள்ள ஐயா,

உங்கள் இரண்டாவது கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். மற்றதெல்லாம் அதில்தான் தொங்கிக்கொண்டிருக்கிறது.

அந்த அதிகாரிகளை மேரியட்டாவுக்குக் கொண்டுவந்து சேர்த்தது சம்பள பாக்கி. இங்கிலாந்தை எதிர்த்து எட்டு வருடம் சண்டை போட்டவர்களுக்குக் கொடுக்க அமெரிக்கக் காங்கிரஸிடம் காசில்லை. கடன் பத்திரங்களை எழுதி நீட்டியது. சந்தைக்குக் கொண்டுபோனால் அதில் எழுதியிருந்த தொகையில் சொற்பம்தான் தேறும். ஆனால் அரசாங்கத்திடம் காசு இல்லாவிட்டாலும் மேற்கே நிலம் இருந்தது, அதாவது இருப்பதாக அது சொல்லிக்கொண்டது. அந்தப் பத்திரத்தையே கொடுத்து நிலம் வாங்கிக்கொள்ளலாமே என்று ஒரு யோசனை பிறந்தது. ரூஃபஸ் புட்னம், பெஞ்சமின் டப்பர் என்ற இரண்டு ஜெனரல்கள் அழைப்பு விடுக்க, 1786 மார்ச் 1 அன்று பாஸ்டனில் ஒரு மதுக்கடையில் கூடி 'ஒஹாயோ கம்பெனி'யைத் தொடங்கினார்கள். மனாஸே கட்லர் என்ற பாதிரியார் மறு வருடம் நியூயார்க்குக்குப் போய்க் காங்கிரஸ் உறுப்பினர்களைப் பிடித்துப் பேசிக் காரியத்தை முடித்தார். 1788 ஏப்ரல் 7ஆம் தேதி புட்னம் தலைமையில் 48 பேர் படகில் வந்து இறங்கினார்கள். ஊருக்கு பிரெஞ்சு ராணி மேரி அன்டோனெட்டின் பெயரை வைத்தார்கள். போரில் பிரான்ஸ் செய்த உதவிக்கு நன்றி. ஐந்து வருடம் கழித்து அந்த ராணியின் தலையே போனது, அது வேறு கதை.

ஆக, மேரியட்டா பழைய பட்டாளத்துக்காரர்கள் பாக்கிக்குப் பதில் வாங்கிய ஊர். வந்தவர்கள் அங்கேயே வாழ்ந்து அங்கேயே செத்தார்கள். புரட்சிப்போர் அதிகாரிகள் இத்தனை பேர் அமெரிக்காவில் வேறெந்தக் கல்லறைத் தோட்டத்திலும் இல்லை என்பது ஊர்க்காரர்களின் பெருமை.

அவர்களில் எனக்குப் பிடித்தவர் ஏப்ரகாம் விப்பிள். ராணுவத்துக்காரர் அல்ல, கப்பல்காரர். ரோட் ஐலண்டில் 1772இல் கேஸ்பி என்ற பிரிட்டிஷ் சுங்கக் கப்பலை ராத்திரியோடு ராத்திரியாகக் கொளுத்திய கூட்டத்துக்குத் தலைமை தாங்கியவர். போரில் சொந்தக் காசை இறக்கி, அது திரும்ப வராமல் நொடித்துப்போய், கடலையே பார்க்க முடியாத இந்த ஊருக்கு விவசாயம் பார்க்க வந்தார். மேரியட்டாவில் 'செயின்ட் கிளேர்' என்று ஒரு கப்பல் கட்டி முடித்தபோது, அதை ஓட்ட ஆள் வேண்டுமே என்று இவரைத்தான் கூப்பிட்டார்கள். எழுபதை நெருங்கும் வயது. ஒஹாயோவில் இறங்கி, மிஸிஸிப்பியில் கலந்து, ஹவானா வழியாக ஃபிலடெல்ஃபியா வரைக்கும் கொண்டுபோய்ச் சேர்த்தார். 1811இல்தான் அவருக்கு ஓய்வூதியம் கிடைத்தது. 1819இல் இறந்தார். அடுத்த முறை போனால் அவர் கல்லறையைத் தேடிப் பாருங்கள்.

சரி, மேட்டுக்கு வருவோம்.

வந்து இறங்கியவர்கள் காட்டை வெட்ட வெட்ட, உள்ளே மண்சுவர்கள் தெரிந்தன. நீங்கள் பார்த்தது மிச்சம்தான். பெரிய சதுரம் ஒன்று கிட்டத்தட்ட 50 ஏக்கரை வளைத்திருந்தது. பக்கத்தில் இன்னொரு சதுரம் அதில் ஏறத்தாழ பாதி. உள்ளே தட்டையான உச்சியுடைய மேடைகள். மஸ்கிங்கம் கரைக்கு இறங்கும் பாதை ஒன்று 680 அடி நீளம், 150 அடி அகலம், இரண்டு பக்கமும் மண்சுவர். இதெல்லாம் கழிந்து, தனியாக அந்தக் கூம்பு மேடு: சுமார் 30 அடி உயரம், அதைச் சுற்றி 15 அடி அகலத்துக்கு அகழி.

புட்னம் நில அளவையாளர், சுயமாகப் படித்த பொறியாளர். 1776இல் பாஸ்டனுக்கு மேலே டார்செஸ்டர் குன்றில் அரண் கட்டி ஆங்கிலேயப் படையை ஊரைவிட்டே கிளப்பியவர். மண்ணை வெட்டிக் குவித்து அரண் எழுப்புவது எவ்வளவு பெரிய வேலை என்பது அவருக்குத் தெரியும். அவர் இவற்றை அளந்து படம் போட்டார். கம்பெனிக்காரர்கள் முக்கியமான மேடுகளை மனை போட்டு விற்காமல் பொது இடமாக ஒதுக்கினார்கள். லத்தீன் படித்தவர்கள் ஆயிற்றே, கூம்பு மேட்டுக்குக் 'கோனஸ்', மேடைகளில் ஒன்றுக்குக் 'கேப்பிட்டோலியம்', ஆற்றுப் பாதைக்கு 'சாக்ரா வியா' என்று ரோமாபுரிப் பெயர்களும் சூட்டினார்கள்.

கட்லர் பாதிரியார் செய்தது இன்னும் சுவாரசியம். 1788இல் ஊரைப் பார்க்க வந்தவர், மண்சுவர்மேல் முளைத்து வளர்ந்திருந்த ஒரு மரத்தை வெட்டவைத்து, அடிமரத்தின் வளையங்களை எண்ணினார். 463 வந்தது. சுவர் கட்டிய பிறகுதானே மரம் முளைத்திருக்கும்? அப்படியானால் சுவருக்குக் குறைந்தது அத்தனை வயது. மர வளையத்தை வைத்துத் தொல்பொருளுக்குக் காலம் கணித்த மிகப் பழைய முயற்சிகளில் இது ஒன்று. அந்த மரத்துக்கு முன்னால் இன்னொரு தலைமுறை மரம் அங்கே இருந்திருக்கும் என்றும் யோசித்து, இன்னும் பல நூறு வருடம் பின்னுக்குப் போனார். உண்மை அதற்கும் அப்பால் இருந்தது என்பது பிறகுதான் தெரிந்தது.

1801இல் கோனஸைச் சுற்றிய இடம் இடுகாடானது. முதலில் புதைக்கப்பட்டவர் கர்னல் ராபர்ட் டெய்லர். 1824இல் புட்னமும் அங்கேயே போய்ச் சேர்ந்தார்.

இப்போது உங்களுக்கும் மாப்பிள்ளைக்கும் உள்ள வழக்கு. பாதி தீர்ப்பு மாப்பிள்ளை பக்கம். மற்ற இடங்கள் என்ன ஆயின என்று பாருங்கள். இரண்டு சதுரங்களின் சுவர்களும் வீடுகளுக்கும் தெருக்களுக்கும் அடியில் போய்விட்டன. சாக்ரா வியாவின் சுவர் மண்ணைச் செங்கல் சுடத் தோண்டிக்கொண்டு போனார்கள். இத்தனைக்கும் அது காப்பாற்ற வேண்டியது என்று ஒதுக்கிவைத்த இடம். இன்று அது ஆற்றை நோக்கிச் சரியும் ஒரு புல்வெளி, அவ்வளவுதான். கேப்பிட்டோலியத்தின் மேல் 1918 முதல் ஊர் நூலகம் உட்கார்ந்திருக்கிறது. கோனஸை யாரும் வெட்டிக் கரைக்கவில்லை. பாட்டன் புதைந்திருக்கும் இடத்தில் மண் அள்ள எந்தச் செங்கல்காரனுக்குத் துணிச்சல் வரும்?

மீதிப் பாதி உங்கள் பக்கம், எனக்கு அதுதான் கனமான பாதி. அவர்கள் மதித்தது, உரிமை கேட்டு வர ஆளில்லாத பிணங்களை. உயிரோடு இருந்தவர்கள் விஷயமே வேறு. ஒஹாயோவில் குடியேற வழிசெய்த 1787 சட்டத்திலேயே பூர்வகுடிகளின் நிலத்தை அவர்கள் சம்மதமில்லாமல் எடுப்பதில்லை என்று எழுதியிருந்தது. கோட்டையைக் காட்டி 1789இல் ஓர் ஒப்பந்தம், அதை ஏற்காதவர்களோடு போர், 1795இல் கிரீன்வில் ஒப்பந்தம். ஒஹாயோவின் பெரும்பகுதி கைமாறிவிட்டது. கடைசியாக மிஞ்சிய வையண்டாட் மக்களும் 1843இல் கான்ஸாஸுக்குக் கிளம்பிப் போனார்கள்.

இதற்கெல்லாம் வசதியாக ஒரு கதை கிடைத்திருந்தது. மேடுகளைக் கட்டியது இந்தப் பூர்வகுடிகள் அல்ல, வேறொரு நாகரிக இனம், இவர்கள்தான் அவர்களை அழித்தார்கள் என்பது அந்தக் கதை. ஜனாதிபதி ஆண்ட்ரூ ஜாக்ஸன், பூர்வகுடிகளை மிஸிஸிப்பிக்கு அப்பால் அனுப்பும் சட்டம் வந்த அதே 1830இல், காங்கிரஸுக்கு அனுப்பிய உரையில் இதுபோன்ற மேடுகளைக் காட்டி, ஓர் இனம் போய் இன்னோர் இனம் வருவது இயற்கைதானே என்ற பொருளில் பேசினார். சைரஸ் தாமஸ் என்ற ஆய்வாளர் 1894இல் தன் பெரிய அறிக்கையில், கட்டியவர்கள் இதே பூர்வகுடிகளின் முன்னோர்தான் என்று காட்டினார். அதற்குள் ஒஹாயோவில் நிலம் கேட்க அவர்களில் யாரும் மிச்சமில்லை. நீங்கள் சொன்ன ஒப்பாமை இதைப் பற்றியது என்றால் நான் உங்களோடு இருக்கிறேன். படிக்கட்டு எனக்கும் பிடிக்கவில்லை.

உள்ளே யார்? பெயர் தெரியாது, தெரியவும் போவதில்லை. அதைக் கட்டியவர்களை ஆய்வாளர்கள் அடினா, ஹோப்வெல் என்ற பண்பாடுகளுக்குள் வைக்கிறார்கள். எப்படிப் பார்த்தாலும் வயது இரண்டாயிரம் வருடத்தை ஒட்டி வரும். இரண்டுமே நாம் வைத்த பெயர்கள். ஒஹாயோ ஆற்றின் மேல்பக்கம் மேற்கு வர்ஜீனியாவில் மவுண்ட்ஸ்வில் என்ற ஊரில் இதைவிட இரண்டு மடங்கு உயரமான அடினா மேடு உண்டு. அதை 1838இல் சுரங்கம் போட்டுக் குடைந்து, உள்ளே எலும்புக்கூடுகளைக் கண்டு, காசு வாங்கிக்கொண்டு ஜனங்களுக்குக் காட்டினார்கள். கோனஸுக்கு அந்தக் கதி வராமல் போனதற்கும் சுற்றியுள்ள கல்லறைகளே காரணம் என்று நினைக்கிறேன். உள்ளே இருப்பவரைத் தெரிந்துகொண்டு நமக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை, அப்படியே இருக்கட்டும்.

கொலம்பஸில் இன்னும் சில நாள் இருப்பீர்கள் என்றால் நியூவார்க்குக்குப் போய்வாருங்கள், ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். அங்கே இதே மக்கள் எழுப்பிய எண்கோண வளாகம் இருக்கிறது. 1910 முதல் நூறு வருடத்துக்கு மேல் அதன்மேல் கோல்ஃப் ஆடினார்கள். ஷானி இனத்தின் தலைவர்களில் ஒருவரான க்ளென்னா வாலஸ் போன்றவர்கள் விடாமல் பேசினார்கள். வழக்கு மாநில உச்ச நீதிமன்றம் வரை போனது. 2023இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஒஹாயோவின் எட்டு மண்கட்டுமானங்கள் சேர்ந்தபோது இதுவும் சேர்ந்தது. மேரியட்டா சேரவில்லை. 2025 ஜனவரியில்தான் கோல்ஃப்காரர்கள் போய், பொதுமக்களுக்கு முழுதாகத் திறந்துவிட்டார்கள். மாப்பிள்ளையைக் கட்டாயம் கூட்டிப்போங்கள். அங்கே மேட்டைக் காப்பாற்றியது கோல்ஃப் கிளப்தான் என்று அவர் வாதாடக்கூடும், அதிலும் கொஞ்சம் நியாயம் இருக்கிறது.