சுவர் இல்லாத தண்ணீர்

வணக்கம் ஐயா,

எனக்கு 41 வயது. போன வருடம்தான் நீச்சல் கற்றுக்கொண்டேன். 25 மீட்டர் குளத்தில் இப்போது 1 கிலோமீட்டரை 28 நிமிடத்தில் நீந்துகிறேன். அந்த உற்சாகத்தில், எட்டு மாதம் கழித்து நடக்கவிருக்கும் 5 கிலோமீட்டர் கடல் நீச்சலுக்குப் பெயர் கொடுத்துவிட்டேன். கரையை ஒட்டியே போகும் பாதை. தண்ணீர் 20 முதல் 22 டிகிரி இருக்கும், விரும்பினால் வெட்சூட் (உடலோடு ஒட்டிய, குளிர் தாங்கும் ரப்பர் உடை) அணியலாம் என்கிறார்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை முதல்முறையாக ஏரியில் இறங்கினேன். ஐம்பது மீட்டர்கூடப் போகவில்லை. மூச்சு முட்டியது, நெஞ்சு படபடத்தது, கீழே பார்த்தால் ஒன்றுமே தெரியவில்லை. கூட வந்த நண்பரின் மிதவையைப் பிடித்துக்கொண்டு கரைக்குத் திரும்பினேன். குளத்தில் 40 லேப் போகிறவனுக்கு ஏரியில் இரண்டு லேப் தூரம் முடியவில்லை என்பது அவமானமாக இருக்கிறது. தினமும் இன்னும் அதிக தூரம் நீந்தினால் இது சரியாகுமா? இல்லை, எனக்கு இது ஒத்தே வராதா? இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை எடுத்துக்கொள்கிறேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். வீட்டில் வேண்டாம் என்கிறார்கள்.

ம.

அன்புள்ள ம.,

அவமானப்பட ஒன்றுமில்லை. ஏரியில் உங்களுக்கு நடந்தது பலம் போதாமல் நடந்ததல்ல. அதனால்தான் குளத்தில் இன்னும் எத்தனை லேப் போட்டாலும் அது மட்டும் சரியாகாது. திறந்த நீரில் முதலில் பழக வேண்டியது தூரம் இல்லை, நடுத்தண்ணீரில் பதறாமல் நிற்பது. அது வந்துவிட்டால் 5 கிலோமீட்டர் எட்டு மாதத்தில் எட்டக்கூடிய தூரம்தான்.

குளத்தில் நீந்தும் அந்த 1 கிலோமீட்டரைக் கொஞ்சம் பிரித்துப் பாருங்கள். 39 முறை சுவரைத் தொட்டுத் திரும்புகிறீர்கள். ஒவ்வொரு முறை காலால் உந்தும்போதும் நான்கைந்து மீட்டர் கை போடாமலேயே போகிறீர்கள். மொத்தத்தில் 150 மீட்டருக்கு மேல் சுவர் கொடுத்த தூரம். அதைவிட முக்கியம், முக்கால் நிமிடத்துக்குள் ஒருமுறை ஒரு முழு மூச்சு கிடைக்கிறது, பிடித்துக்கொள்ள ஒரு இடம் இருக்கிறது. நாம் கவனிக்காவிட்டாலும் உடல் அதை எண்ணிக்கொண்டே இருக்கிறது. ஏரியில் சுவர் இல்லை, தரையில் கோடு இல்லை, தண்ணீர் குளத்தைவிடக் குளிர்ச்சி. உடலுக்கு இது வேறு இடம். பதறத்தான் செய்யும்.

அந்தப் பதற்றத்தில் இரண்டு விஷயங்கள் ஒன்றாகச் சேர்ந்துகொள்கின்றன. ஒன்று குளிர். குளிர்ந்த நீர் தோலில் பட்டதும் நம்மை அறியாமல் ஒரு பெருமூச்சு வாங்குகிறது, தொடர்ந்து மூச்சு வேகமாகிறது, இதயம் படபடக்கிறது. இது முதல் இரண்டு மூன்று நிமிடம்தான் உச்சத்தில் இருக்கும், பிறகு தானாகவே தணியும். நீங்கள் அந்த நிமிடங்களிலேயே நீந்தத் தொடங்கிவிட்டீர்கள் என்று நினைக்கிறேன். இரண்டாவது, மூச்சைப் பிடித்துவைப்பது. மூச்சு வேண்டும் என்ற தவிப்பைப் பெரும்பாலும் உண்டாக்குவது ஆக்சிஜன் குறைவல்ல, வெளியே போகாமல் தேங்கும் கார்பன் டை ஆக்சைடு. பயம் வந்தால் தண்ணீருக்குள் முகம் போனதும் மூச்சை இறுக்கிக்கொள்கிறோம். அப்புறம் தலையைத் திருப்பும் ஒரு நொடிக்குள் பழைய காற்றை வெளியே விடவும் வேண்டும், புதியதை இழுக்கவும் வேண்டும். இரண்டும் பாதியில் நிற்கிறது. நான்கைந்து கைவீச்சுக்குள் மூச்சு முட்டுகிறது. காற்று போதவில்லை என்று நினைத்து இன்னும் இழுக்கிறோம். உண்மையில் அப்போது செய்ய வேண்டியது வெளியே விடுவது.

அடுத்த முறை ஏரிக்குப் போகும்போது நீந்தவே வேண்டாம். மெதுவாக இறங்குங்கள். முகத்திலும் பிடரியிலும் தண்ணீரை அள்ளி ஊற்றிக்கொள்ளுங்கள். மார்பளவு தண்ணீரில் நின்று முகத்தை உள்ளே வைத்து, ஒரு பாட்டை முணுமுணுப்பதுபோல நீளமாகக் குமிழி விடுங்கள். மூச்சு சாதாரணமான பிறகு மல்லாந்து மிதந்து வானத்தைப் பாருங்கள். பிறகு இருபது வீச்சு நீந்துங்கள், வேண்டுமென்றே நில்லுங்கள், திரும்பி மல்லாந்து மிதந்திருங்கள், மறுபடி இருபது வீச்சு. கரையிலிருந்து விலகாமல், கரைக்கு இணையாக. இப்படி அரை மணி நேரம் போதும். குளிர்ந்த நீரில் ஐந்தாறு முறை சில நிமிடங்கள் இருந்தாலே அந்த முதல் அதிர்ச்சி வெகுவாகக் குறைந்துவிடும். நடுத்தண்ணீரில் நிற்க முடிகிறது என்று உடலுக்கு ஒருமுறை தெரிந்துவிட்டால் அதுதான் உங்கள் சுவர். நான் 36 வயதில் நீச்சல் கற்றவன். முதல் ஐந்து வாரம் ஏரியில் இதை மட்டுமே செய்தேன். அந்த ஐந்து வாரம்தான் பிறகு நீந்திய எல்லா தூரத்தையும் எனக்குக் கொடுத்தது என்று இன்றைக்கும் நம்புகிறேன்.

இனி நீங்கள் கடைசி வரிகளில் சொல்லிவிட்டுப் போன விஷயம். இரத்த அழுத்தம். அதை நான் முதல் விஷயமாகவே எடுத்துக்கொள்கிறேன். உங்கள் மருத்துவரிடம் போய், குளிர்ந்த நீரில் இரண்டரை மணி நேரம் நீந்தப் போகிறேன் என்று இதே வார்த்தைகளில் சொல்லுங்கள். 'உடற்பயிற்சி செய்யலாமா' என்று பொதுவாகக் கேட்டால் பொதுவான பதில்தான் வரும். குளிர்ந்த நீரில் இறங்கும்போது தோலின் இரத்தக்குழாய்கள் சுருங்கி அழுத்தம் ஏறுகிறது. அதோடு, நீந்தும்போதே நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும் ஒரு நிலை இருக்கிறது. தண்ணீரைக் குடித்துவிடுவதால் வருவதல்ல அது, உடலுக்குள் இருக்கும் இரத்தக்குழாய்களிலிருந்தே நீர் நுரையீரலுக்குள் கசிவது. உயர் இரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு அதற்கான வாய்ப்பு அதிகம். உழைப்புக்குப் பொருந்தாத மூச்சுத்திணறல், நிற்காத இருமல், நெஞ்சில் கொரகொரப்பு, இளஞ்சிவப்பு நுரை, இவற்றில் எது வந்தாலும் உடனே உதவி கேட்டு வெளியே வந்து, நிமிர்ந்து உட்கார்ந்து, மருத்துவமனைக்குப் போக வேண்டும். பதற்றத்தில் வரும் மூச்சு முட்டல் மல்லாந்து மிதந்தால் சில நிமிடத்தில் தணியும். நுரையீரலில் நீர் கோத்து வரும் திணறல் அப்படித் தணியாது. மருத்துவர் வேண்டாம் என்று சொன்னால் வேண்டாம்தான்.

அவர் சரி என்றால், பயிற்சிக்கு வருவோம். வாரம் மூன்று நாள் போதும். இரண்டு நாள் குளம், ஒரு நாள் திறந்த நீர். இப்போது வாரத்துக்கு 3 கிலோமீட்டர் நீந்துகிறீர்கள் என்று வைத்துக்கொண்டால், அதை மெல்ல 10, 12 கிலோமீட்டருக்குக் கொண்டுபோக வேண்டும். வாரத்துக்கு வாரம் பத்தில் ஒரு பங்குக்கு மேல் கூட்டாதீர்கள், நான்காவது வாரம் குறைத்துக்கொள்ளுங்கள். நம் வயதில் மூச்சு சீக்கிரம் தேறிவிடும், தோள்பட்டை மெதுவாகத்தான் தேறும். தோளின் முன்பக்கம் வலித்தால் அன்றைக்கு நிறுத்திவிடுவது நல்லது. இடையில் நிறுத்தாமல் நீந்தும் நீளமான தூரம் கடைசி மாதத்துக்குள் 4 கிலோமீட்டரைத் தொட்டால் போதும், 5-ஐப் பயிற்சியிலேயே முடிக்க வேண்டியதில்லை.

வேகத்துக்கு ஒரு எளிய கணக்கு உண்டு. ஒரு நாள் 400 மீட்டரை முடிந்தவரை வேகமாக நீந்தி நேரம் பாருங்கள். நன்றாக ஓய்வெடுத்துவிட்டு 200 மீட்டர். உங்களுக்கு 400-க்கு 10 நிமிடமும் 200-க்கு 4 நிமிடம் 40 நொடியும் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். வித்தியாசம் 5 நிமிடம் 20 நொடி, அது 200 மீட்டருக்கு. அதாவது 100 மீட்டருக்கு 2 நிமிடம் 40 நொடி. நீங்கள் களைத்துப்போகாமல் தாங்கக்கூடிய வேகம் அதுவே. குளத்தில் ஒரு நாள் இந்த வேகத்தில் நூறு நூறு மீட்டராகப் பத்து முறை, நடுவில் பதினைந்து நொடி ஓய்வு. நீண்ட தூரத்துக்கு அதிலிருந்து பத்து நொடி மெதுவாக, 2 நிமிடம் 50 நொடி. அப்படிப் போனால் 5 கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 2 மணி 22 நிமிடம். உங்கள் இப்போதைய 28 நிமிடக் கிலோமீட்டரும் கிட்டத்தட்ட இந்த வேகம்தான். நீங்கள் வேகமாக வேண்டியதே இல்லை. இதே வேகத்தில் அதிக நேரம் இருக்கப் பழகினால் போதும்.

ஆனால் கடலில் 5 கிலோமீட்டர் என்பது 5 கிலோமீட்டராகவே இருக்காது. 1875-இல் மேத்யூ வெப் என்பவர் ஆங்கிலக் கால்வாயை முதன்முதலில் நீந்திக் கடந்தார், 21 மணி 45 நிமிடத்தில். நேர்க்கோட்டில் அது ஏறக்குறைய 33 கிலோமீட்டர். ஓதத்தின், அதாவது கடல் ஏற்ற இறக்கத்தின், ஓட்டம் அவரைப் பக்கவாட்டில் இழுத்துக்கொண்டே போனதில் அவர் கடந்த பாதை சுமார் 64 கிலோமீட்டர் என்கிறார்கள். அதற்குப் பன்னிரண்டு நாள் முன்புதான் ஒரு முறை முயன்று, வானிலை மோசமாகிப் பாதியில் படகேறியிருந்தார் என்பதையும் நினைவில் வையுங்கள். உங்கள் வேகம் மணிக்கு 2 கிலோமீட்டர் சொச்சம். எதிரே மணிக்கு 1 கிலோமீட்டர் வேகத்தில் நீரோட்டம் இருந்தாலே அது பாதியை எடுத்துக்கொள்ளும். நடத்துகிறவர்களிடம் ஓதம் எந்த நேரத்தில் எந்தப் பக்கம் ஓடும், நேர வரம்பு எவ்வளவு என்று இப்போதே கேட்டுவிடுங்கள்.

நீரோட்டம் இல்லாமலும் நாம் கோணலாகப் போவோம். கோடு இல்லாத தண்ணீரில் பெரும்பாலும் யாராலும் நேராக நீந்த முடியாது. எட்டுப் பத்து வீச்சுக்கு ஒருமுறை தலையை முழுதாகத் தூக்காமல், முதலை போலக் கண்ணை மட்டும் நீர்மட்டத்துக்கு மேலே கொண்டுவந்து பார்த்துவிட்டு, பக்கவாட்டில் திரும்பி மூச்சு வாங்க வேண்டும். தலையை அதிகம் தூக்கினால் இடுப்பு கீழே போய்விடும், கழுத்து இரண்டு மணி நேரம் தாங்காது. பாதையைக் காட்டும் மிதவை அலைக்குள் மறைந்துவிடும், அதனால் அதன் பின்னால் கரையில் தெரியும் உயரமான ஏதாவதொன்றைக் குறி வைத்துக்கொள்ளுங்கள். என் முதல் 3 கிலோமீட்டர் நீச்சலில் எனக்கு முன்னால் போனவரின் காலைப் பார்த்துக்கொண்டே போனேன். அவர் விலகிப் போய்க்கொண்டிருந்தார். இருவரும் சேர்ந்து நானூறு மீட்டர் சுற்றினோம். குளத்தில் ஆள் இல்லாத நேரம் கண்ணை மூடிக்கொண்டு பத்து வீச்சு போட்டுப் பாருங்கள், உங்கள் உடல் எந்தப் பக்கம் இழுக்கிறது என்று தெரியும். இரண்டு பக்கமும் மூச்சு வாங்கப் பழகினால் அந்தக் கோணல் குறையும், ஒரு பக்கம் அலை அடித்தாலும் மறுபக்கம் கை கொடுக்கும்.

வெட்சூட் அணியுங்கள் என்பேன். நீர் காற்றைவிட ஏறக்குறைய 25 மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்துகிறது. 21 டிகிரி கையை வைத்துப் பார்த்தால் இதமாக இருக்கும், இரண்டு மணி நேரம் கழித்து அப்படி இருக்காது. வெட்சூட் இடுப்பையும் தூக்கிக் கொடுக்கும். ஆனால் மார்பில் இறுக்கமான புது வெட்சூட்டே மூச்சுத் திணறுவதுபோலத் தோன்றவைக்கும், கழுத்தை அறுக்கும். குறைந்தது ஆறேழு முறை அதோடு நீந்திவிட்டு, கழுத்திலும் அக்குளிலும் வாசலின் தடவிக்கொண்டு போங்கள்.

வெளியே வந்த பிறகுதான் பலர் ஏமாந்துபோகிறார்கள். கரையேறிய பின்னும் பத்து, இருபது நிமிடம் உடலின் உள்வெப்பம் இறங்கிக்கொண்டே இருக்கும். ஒருமுறை ஏரியில் இரண்டு மணி நேரம் நீந்திவிட்டு நன்றாகத்தான் இருக்கிறது என்று ஈர உடையோடு பேசிக்கொண்டு நின்றேன். கால் மணி நேரத்தில் கோப்பையைப் பிடிக்க முடியாத நடுக்கம். ஏறியவுடன் ஈரத்தைக் கழற்றுங்கள், துடையுங்கள், மேலுடையை முதலில் போடுங்கள், சூடாக ஏதாவது குடியுங்கள். உடனே வெந்நீரில் குளிக்க வேண்டாம், நடுக்கம் நிற்கும்வரை வண்டி ஓட்ட வேண்டாம்.

உணவைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. அரை மணிக்கு ஒருமுறை இனிப்பான திரவம் சில மடக்கு. அதைப் பயிற்சியிலேயே குடித்துப் பழகுங்கள், புதியதை அன்றைக்கு முயலாதீர்கள்.

தனியாக மட்டும் எப்போதும் இறங்காதீர்கள். இடுப்பில் கட்டி இழுத்துப் போகும் வண்ண மிதவை, பளிச்சென்ற தொப்பி, ஒரு விசில், இவை மூன்றும் இல்லாமல் போகாதீர்கள். அந்த மிதவை உயிர்காப்பு அங்கி அல்ல, மற்றவர் கண்ணில் நீங்கள் படுவதற்கானது. ஆனாலும் பிடித்துக்கொண்டு ஓய்வெடுக்கலாம். அதில் கூச்சம் வேண்டாம். 1925-இல் கெர்ட்ரூட் எடர்லி என்ற அமெரிக்க நீச்சல் வீராங்கனையின் ஆங்கிலக் கால்வாய் முயற்சி, தண்ணீரில் இன்னொருவர் அவரைத் தொட்டதோடு முடிந்துபோனது. அடுத்த ஆண்டே அவர் 14 மணி நேரம் சொச்சத்தில் கடந்து, கால்வாயைக் கடந்த முதல் பெண் ஆனார், அதுவரை கடந்திருந்த ஆண்களின் நேரத்தையும் முந்தினார். யாரும் தொடக்கூடாது என்ற அந்த விதி கால்வாய் நீந்துகிறவர்களுக்கு. உங்களைப் போன்றவர்களுக்கான நிகழ்வுகள் பலவற்றில், துணைக்கு வரும் கயாக் என்ற சிறு படகைப் பிடித்து நின்று மூச்சு வாங்கிவிட்டுத் தொடரலாம். உங்கள் நிகழ்வில் விதி என்ன என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

ஆறாவது மாத முடிவில் திறந்த நீரில் 90 நிமிடம் நிதானமாக இருக்க முடிகிறதா என்று பாருங்கள். முடியவில்லை என்றால் குறைந்த தூரத்துக்கு மாற்றிக்கொண்டு, 5 கிலோமீட்டரை அடுத்த ஆண்டு வைத்துக்கொள்ளுங்கள். இதை இப்போதே வீட்டில் சொல்லிவிடுங்கள். அவர்கள் வேண்டாம் என்பது பயத்தால், அந்தப் பயத்தில் நியாயம் இருக்கிறது. மருத்துவரிடம் போகும்போது அவர்களையும் கூட்டிப் போங்கள். பிறகு ஒரு ஞாயிறு ஏரிக்கரைக்கு. துண்டையும் மாற்றுடையையும் அவர்கள் கையில் கொடுங்கள். நீங்கள் எத்தனை மணிக்குத் திரும்ப வேண்டும் என்பதை அவர்களே சொல்லட்டும், அந்த நேரத்துக்கு ஐந்து நிமிடம் முன்னதாகவே கரையேறுங்கள்.