காட்டுப் பாதைக்கு எஞ்சின் மாற்றம்: வாசகர் கேள்விகள்

ஏற்காட்டில் உறவினரின் காபித் தோட்டத்துச் சரிவுகளில் எக்ஸ்பல்ஸ் 200 பைக் ஓட்டுகிறேன். ஏற்றத்தில் திணறுகிறது. பெரிய பிஸ்டன் போட்டு சிசியைக் கூட்டித் தருவதாகப் பட்டறைக்காரர் சொல்கிறார். செய்யலாமா?

முதலில் முன் ஸ்ப்ராக்கெட்டை, அதாவது செயினை இழுக்கும் பற்சக்கரத்தை, மாற்றிப் பாருங்கள். 13 பல்லுக்குப் பதிலாக 12 பல் போட்டால் எல்லாக் கியர்களிலும் இழுவை சுமார் 8 சதவீதம் கூடும்; வேகம் ஏறக்குறைய அதே அளவு குறையும். காபிச் செடிகளுக்கு நடுவே அந்த வேகத்தை வைத்துக்கொண்டு என்ன செய்யப் போகிறீர்கள்? செலவு சில நூறு ரூபாய்தான். பிடிக்கவில்லையென்றால் பழையதையே திரும்ப மாட்டிக்கொள்ளலாம். பெரிய பிஸ்டனில் அந்த வசதி இல்லை. மெதுவாக ஊர்ந்து ஏறும்போது காற்றோட்டம் குறைவதால் எஞ்சினின் சூடும் கூடும். மேலும், சிசி என்பது ஆர்.சி.யில் பதிவான விவரம். அதை இஷ்டம்போல் மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு தடுக்கிறது. மீறினால் ஆறு மாதம் வரை சிறையோ, ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம்.

ஏர் ஃபில்டர் பெட்டியைக் கழற்றிவிட்டுத் திறந்த கூம்பு ஃபில்டர் போட்டேன். இப்போது ஆயில் குறைகிறது, நீலப் புகை வருகிறது. உத்தரவாதத்தில் சரிசெய்ய மறுக்கிறார்கள். வழக்குப் போடலாமா?

போடலாம், தோற்பீர்கள்.

என் ஆர்.எக்ஸ். 135க்கு 'போர்ட் வேலை' செய்தால் மலையில் பறக்கும் என்று சொல்லி 9,500 ரூபாய் வாங்கினார்கள். இப்போது மெதுவாக ஏறினால் அணைந்துபோகிறது. 'ஓட ஓட செட் ஆகிவிடும்' என்கிறார் மெக்கானிக். பில் தரவில்லை.

செட் ஆகாது. போர்ட் என்பது சிலிண்டர் சுவரில் உள்ள திறப்பு. புகை வெளியேறும் எக்ஸாஸ்ட் போர்ட்டின் மேல்விளிம்பை அரைத்து உயர்த்தினால் அது முன்கூட்டியே திறக்கும். எஞ்சினின் பலம் உயர் சுழற்சிக்குப் போய்விடும். பந்தயத் தடத்தில் அது வேண்டும். வேரும் பாறையுமாகக் கிடக்கும் பாதையிலோ கீழ் சுழற்சியில் இழுவை வேண்டும். உங்களுக்குத் தேவையானதைக் குறைத்துவிட்டு, தேவையற்றதற்குக் காசு வாங்கியிருக்கிறார்கள். அரைத்த உலோகம் திரும்பி வராது. நடைமுறையில் வேறு சிலிண்டர் பிளாக் தேட வேண்டியதுதான்.

பில் விஷயத்தில் எனக்குப் பழைய கோபம் உண்டு. உதிரிபாக அட்டைப்பெட்டியைக் கிழித்து, அதன் பின்புறம் 'எஞ்சின் வேலை' என்று ஒற்றை வரியும் ஒரு தொகையும் கிறுக்கித் தருவதை நம் பட்டறைகள் பல வழக்கமாகவே வைத்திருக்கின்றன. அசல் ஜப்பானியப் பொருள் என்று நான் வாங்கிய கார்ப்பரேட்டர் ஒன்றில், பெட்ரோலை அளந்துவிடும் ஜெட்டில் பொறித்த எண்ணுக்கும் அதன் துளைக்கும் பொருத்தமே இல்லை. கையில் ரசீது இல்லாததால் கடைக்காரருக்கு என் முகமே மறந்துவிட்டது. பில் தராமலிருப்பது 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிக நடைமுறை. எந்த போர்ட்டை எத்தனை மில்லிமீட்டர் அரைத்தார்கள் என்பதை, வேலைக்கு முன்பும் பின்பும் வெர்னியரால் உங்கள் கண்ணெதிரே அளந்து பில்லில் எழுதித் தர வேண்டும். கழற்றிய பழைய பாகங்களையும் கேட்டு வாங்க வேண்டும்.

உங்கள் மீது தவறில்லை. பணம் அனுப்பிய யுபிஐ பதிவையும், 'பறக்கும்' என்ற வாக்குறுதி வாட்ஸ்அப்பில் இருந்தால் அதையும் பத்திரப்படுத்துங்கள். வேறொரு மெக்கானிக்கிடம் அளந்து, எழுத்தில் கருத்து வாங்குங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915இல் புகார் கூறுங்கள்; தீராவிட்டால் இரண்டு ஆண்டுகளுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை அணுகலாம். செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது.

பழைய கவாஸாகி கே.எக்ஸ். மலிவாக வருகிறது. ஆர்.சி. பிறகு எடுத்துத் தருகிறேன் என்கிறார் விற்பவர். காட்டில் மட்டும்தானே ஓட்டப் போகிறேன்?

அது பந்தயத் தடத்துக்கென்றே விற்கப்படும் வண்டி; பதிவு செய்ய முடியாது. விற்பவரால் ஆர்.சி. எடுத்துத் தரவும் முடியாது. காப்புக்காட்டுக்குள் வனத்துறை அனுமதியின்றி எந்த வண்டியையும் கொண்டுபோவது குற்றம். சொந்தத் தோட்டமோ பயிற்சித் தடமோ இருந்தால், அதுவரை வேறு வண்டியில் ஏற்றிச் செல்ல வழியிருந்தால் மட்டும் யோசியுங்கள். முன்பணம் கொடுத்துவிட்டீர்களென்றால் இன்றே திரும்பக் கேளுங்கள்.